வானத்துப் பேச்சுக்கு ஓர் ஆன்டெனா

நவம்பர் 4, செவ்வாய்

ஸ்கேனர் வந்து சேர்ந்தது. தாம்பரத்தில் வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒருவர் வீட்டுச் சாமான்களோடு விற்ற பழையது. கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, தலையில் ரப்பர் வால் போல ஒரு குட்டி ஆன்டெனா. ஸ்கேனர் என்றதும் வயிற்றைப் படம் எடுக்கிற சமாசாரம் என்று நினைத்து இவர் பதறிப் போனார். இது ஒரு ரேடியோ, விமானிகளும் விமான நிலையத்துக்காரர்களும் பேசிக்கொள்வதை வீட்டிலிருந்தே கேட்கலாம் என்று விளக்கினேன். அதற்கு இன்னும் பதறினார். கேட்பதற்கே லைசென்ஸ் வேண்டுமாமே, போலீஸ் வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்வாய் என்கிறார். என் வீட்டுக்காரர் சபாபதி குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரசீது இல்லாமல் வெந்நீர்கூடக் குடிக்க மாட்டார்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். வேலைக்காலம் முழுக்கக் காதில் ஹெட்போன். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து காது சும்மா கிடக்கிறது. பொழிச்சலூரில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும், அதுவும் இந்த மழை மாதங்களில் காற்று மாறிவிட்டால் வரிசையாக. இத்தனை வருஷம் சத்தத்தைச் சகித்துக்கொண்டோம், பேச்சையும் கேட்டால் என்ன. பொழுதுபோக்கு, அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

இட்லி மாவு புளிக்கவில்லை. மழைக்காலம்.

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து படுக்கையறை ஜன்னலில் பெட்டியை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விமானத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிறது. தரையிலிருந்து பதில் சொல்பவர் பேசும்போது வெறும் இரைச்சல். ஒருவர் "சரி, சரி" என்கிறார், எதற்குச் சரி என்று தெரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் இப்படி ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அந்த லைனில் பழுது என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இங்கே அப்படி விட மனசு வரவில்லை. ஜன்னலை மாற்றிப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டி மேல் ஏற்றினேன். பூஜை அறையில்கூட வைத்துப் பார்த்தாயிற்று. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைவதைப் பார்த்து, எலி பிடிக்கிறாயா என்று கேட்டார்.

குட்டி ஆன்டெனா போதாது. நல்லதாக ஒன்று வேண்டும்.

தாரிணியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேண்டுமென்றே விட்டதுபோல் ஆகிவிடும். எங்கள் ஒரே மகள், துணை விமானி, இருப்பது ஹைதராபாத்தில். வாரத்தில் ஓரிரு நாள் அவள் ஓட்டம் சென்னைக்கு வரும். அரை மணி நேரம் நிற்கும், திரும்பிப் போய்விடும். வீட்டுக்கு வர நேரம் இருக்காது. அதற்காக நான் இதை வாங்கவில்லை.

நவம்பர் 8, சனி

பல்லாவரத்தில் ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கிற ரிச்சி தெரு வரை நடந்தேன். முழங்கால் இப்போது அதற்குப் பதில் சொல்கிறது.

நாலு கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு கடையில் ஜாபர் என்ற ஆள் நான் கேட்பதைச் சட்டென்று புரிந்துகொண்டார். மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று, அடியில் காந்தம் வைத்த கம்பி. காரின் தலையில் ஒட்ட வைப்பது. ஜன்னல் கிரில்லில்கூட ஒட்டலாம். இரண்டாவது, துணி கழன்ற குடையை நிறுத்தி வைத்த மாதிரி ஏகப்பட்ட கம்பிகள். மூன்றாவது ரொம்ப சாதாரணம். இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக நடுவில் ஒரு கம்பி, கீழ்நோக்கிச் சரிந்த நாலு கால். விமானப் பேச்சு வருகிற அலைவரிசைக்கு மட்டும் அளந்து வெட்டியதாம்.

குடைக் கம்பியைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பெரிசாக இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது. ஜாபர் தலையாட்டி மறுத்தார்.

"இது எல்லாத்தையும் இழுக்கும் மேடம். எஃப்எம்முலேந்து டாக்ஸிக்காரன் பேசறது வரைக்கும் உள்ள வரும். நீங்க ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல வேற இருக்கீங்க, எல்லாம் மொத்தமா வந்து குழம்பிடும். உங்களுக்கு எல்லாம் கேக்கணுமா, ஒண்ணு நல்லா கேக்கணுமா?"

"ஒண்ணு" என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்போல. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மூன்றாவதைக் கட்ட ஆரம்பித்தார்.

இன்னும் இரண்டு சொன்னார். உயரத்தில் வைக்க வேண்டும், நடுவில் சுவர் கூடாது. கேபிள் நீள நீள வழியிலேயே சத்தம் தேய்ந்துபோகும், ஆகவே ஆன்டெனாவைக் கீழே இழுத்துக்கொண்டு வருவதைவிட நான் மேலே ஏறிப்போவது நல்லது. லைசென்ஸ் விஷயத்தை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அதை இவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டுகிற இரும்புக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டினோம். முன்பெல்லாம் வீட்டு மாடிகளில் டிவிக்கு வைத்திருப்பார்களே, அந்த ஞாபகத்தில் படுக்கை வாக்கில் கட்டிவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ரப்பர் வாலே தேவலை என்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் என்று தெரியவில்லை. ஜாபருக்குப் போன் போட்டால், "படுக்க வச்சுட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். விமானத்துக்காரர்களின் ஆன்டெனா நிற்கிறது, உங்களுடையதும் நிற்க வேண்டும் என்றார். திரும்ப அவிழ்த்து நேராகக் கட்டினோம். போலீஸ் வந்தால் துணிக்கொடி என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதில் இவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டு பக்கமும் கேட்கிறது. கண்ணாடி போல் கேட்கிறது.

மாடிப்படி முடிகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கீரையை அங்கேயே கொண்டுபோய் ஆய்ந்தேன். தரையிலிருந்து உயரம், திசை, எண் என்று சொல்கிறார்கள். விமானத்திலிருந்து அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் நாங்கள் செய்ததேதான். சந்தாதாரர் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லாமல் இணைப்பு கொடுத்தால் சூப்பர்வைசர் கிழித்துவிடுவார். கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண்ணுக்கு ஜலதோஷம். ஓர் ஆள் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார். குரலைக் கேட்டால் போதும், எதிராளி சாப்பிட்டாரா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவேன். இதில் எனக்குத் தப்பு வந்ததே இல்லை.

தாரிணியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

நவம்பர் 13, வியாழன்

இன்று சாயங்காலம் ஹைதராபாத்திலிருந்து சென்னை என்று தாரிணி காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய கம்பெனிக்கு ரேடியோவில் ஒரு பட்டப்பெயர் உண்டு. இவருடைய பயத்துக்கு மதிப்புக் கொடுத்து அதை இங்கே எழுதவில்லை. அதன் பின்னால் நானூற்றுப் பதினெட்டு. அதுதான் அவள் ஓட்டம்.

மூன்று மணிக்கே ஏறி உட்கார்ந்தேன். கொசு பிய்த்து எடுத்தது. நானூற்றுப் பதினெட்டு வந்தது. பேசியது ஓர் ஆண், ஐம்பது வயது இருக்கும், வடக்கத்திக்காரர். முதலிலிருந்து கடைசி வரை அவரே. இறங்கி, ஓடுபாதையை விட்டு விலகி, நன்றி சொன்னதும் அவரே. விமானம் தலைக்கு மேலே போனபோது வயிற்றுப் பக்கம் சக்கரங்கள் தெரிந்தன.

பெரியவர் பேசும்போது சின்னவள் குறுக்கே பேச மாட்டாள். அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 14, வெள்ளி

போன் செய்தேன், எடுக்கவில்லை. "பிஸிம்மா, அப்புறம்" என்று செய்தி வந்தது.

நவம்பர் 17, திங்கள்

மறுபடியும் நானூற்றுப் பதினெட்டு. வேறு கேப்டன், மலையாளி, மூக்கால் பேசுகிறார். அவள் குரல் இல்லை.

கேபிள் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கம்பத்தில் இன்னும் ஒரு முழம் உயர்த்திக் கட்டச் சொன்னேன். இவர் ஏணியில் ஏறி முனகிக்கொண்டே கட்டினார். அந்தக் குடைக் கம்பியையே வாங்கியிருக்க வேண்டும் என்று தோன்றி ஜாபருக்குப் போன் செய்தேன். ஆன்டெனாவை மாற்றலாமா, நடுவில் சத்தத்தைக் கூட்டுகிற பெட்டி ஏதாவது போடலாமா என்று கேட்டேன். மற்ற விமானங்கள் எல்லாம் கேட்கின்றனவா என்று விசாரித்தார். கேட்கின்றன என்றேன்.

"அப்ப ஆன்டெனா நல்லாத்தான் இருக்கு மேடம். நீங்க தேடற குரல் வரலைன்னா, அது மேல இல்லைன்னு அர்த்தம்."

அவர் ஏதோ கடைக்காரர், என் கஷ்டம் அவருக்கு எங்கே தெரியும். ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இதைச் சொல்லாமல் எழுதிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

ஆகஸ்டில் தாரிணி தினமும் செய்தி அனுப்பினாள். இன்று டெல்லி, இன்று கொச்சி, நாளை லீவு என்று. போன் மட்டும் செய்யவே இல்லை. நெட்வொர்க் சரியில்லை, தலைவலி, தூக்கம் என்று ஏதாவது. செப்டம்பர் கடைசியில் ஒரு கல்யாணத்தில் அவளோடு விமானப் பள்ளியில் படித்த பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். தாரிணியைத் திரும்பப் பறக்க விட்டுவிட்டார்களா என்று அக்கறையாகக் கேட்டாள். எனக்குப் பந்தியில் உட்கார்ந்திருப்பதே மறந்துவிட்டது. சிமுலேட்டர் என்கிற பாவனை விமானத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரீட்சை வைப்பார்களாம். அதில் இவள் தேறவில்லை. டெல்லியும் கொச்சியும் போனதாக எழுதிய அந்த நாட்களில் ஹைதராபாத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து மறுபயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டபோது, அது சின்ன விஷயம், முடிந்துவிட்டது, இப்போது பறக்கிறேன் என்றாள். செய்தியில்தான் சொன்னாள். போனில் பேசினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

பறக்கிறாளா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வேலை போய், தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து, யூனிஃபார்ம் போட்ட பழைய போட்டோவைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் அனுப்பிக்கொண்டிருக்கிறாளா? இதைக் கேட்கத்தான் ஆன்டெனா வாங்கினேன். பொழுதுபோக்காம், பொழுதுபோக்கு.

நவம்பர் 20, வியாழன்

மூன்றாவது தடவை. இன்றைக்குச் செய்தியில் ஒரு சிரிப்புப் படம்கூடப் போட்டிருந்தாள். சாயங்காலம் நானூற்றுப் பதினெட்டு வந்தது. மறுபடியும் அந்த வடக்கத்திக்காரர். ஆரம்பம் முதல் முடிவு வரை அவர் குரல்தான்.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு ஒரே கணக்கு. லைனில் இருப்பவர் பேசுவார். பேசாதவர் லைனில் இல்லை. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கீழே வந்து போன் போட்டேன். அதிசயமாக எடுத்தாள்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். சென்னையில்தான், இப்போதுதான் இறங்கினோம், கொஞ்ச நேரத்தில் திரும்பக் கிளம்ப வேண்டும் என்றாள்.

"பொய் சொல்லாதடி. மூணு தடவை கேட்டுட்டேன். ஒரு தடவைகூட நீ அந்த பிளேன்ல இல்லை."

எதைக் கேட்டாய் என்றாள். சொன்னேன். ஸ்கேனர், ரிச்சி தெரு, துணிக்கொடிக் கம்பம், எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டதென்றால் வீட்டுக்கு வந்துவிடு, யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நடிக்காதே என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் வருகிற எச்சரிக்கைச் சத்தமும் யாரோ கதவை அடைக்கச் சொல்வதும் கேட்டது. விமான நிலையத்துச் சத்தம்தான்.

"அம்மா, ஓட்டறவங்க ரேடியோவுல பேச மாட்டாங்க. ஒருத்தர் ஓட்டினா இன்னொருத்தர் பேசணும், அதான் முறை. நீ கேட்ட மூணு தடவையும் ஓட்டினது நான். சென்னைன்னா நான்தான் இறக்குவேன்னு ஒவ்வொரு கேப்டன்கிட்டயும் கேட்டு வாங்கறேன். ஏன்னா நம்ம வீட்டு மேல போகும்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"காத்து மழை ஜாஸ்தின்னா கேப்டன் கன்ட்ரோலை எடுத்துப்பாரு, எனக்கு லேண்டிங் தர மாட்டாங்க. அப்ப நான்தான் பேசுவேன். அன்னிக்கு உக்காந்து கேளு, திருப்தியா இருக்கும்."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

இன்று எதுவும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

தாரிணி அப்பாவுக்கு மட்டும் செய்தி அனுப்புகிறாள். எனக்கு இல்லை. எந்த நாள் எங்கே போகிறாள் என்பதை அவரிடமும் சொல்வதில்லை. நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கேட்டேன். ஒவ்வொரு விமானத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்திலும் ஒரே குரல்தான் வருகிறது. இத்தனை நாள் கேட்டேனே, இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? என் பெண் பேசவில்லை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

மூன்று தடவை என் தலைக்கு மேலே அவள் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள். நான் கீழே உட்கார்ந்து அவள் அதில் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இவர், மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பேன் என்று மட்டும் சாப்பிடும்போது சொன்னார். ரசத்தில் உப்பு இல்லை என்பதையும் சொல்லவில்லை. பிறகு நான் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது.

நவம்பர் 26, புதன்

நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன். "மன்னிச்சுக்கோ" என்று எழுதினால் நான் எழுதிய மாதிரி இல்லை. "சாப்பிட்டியா" என்று எழுதினால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. ஒரு குரலுக்காக இவ்வளவு அலைந்தவளுக்கு அதனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆன்டெனாவைக் கழற்றச் சொன்னேன். மழை வருகிறது, ஏணியில் ஏற முடியாது, பிறகு பார்க்கலாம் என்றார். போலீஸுக்குப் பயந்தவர் இப்போது விட்டுவைக்கச் சொல்கிறார்.

நவம்பர் 29, சனி

கடலில் புயல். காலையிலிருந்து மழை, மத்தியானத்துக்கு மேல் காற்று. பக்கத்து மனையில் முருங்கை மரம் சாய்ந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர். மேலே போகாதே, இடி விழுந்தால் கம்பி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், கேபிளையாவது பிடுங்கு என்று இவர் கத்தினார். இடி இல்லை, காற்றுத்தான். போகக் கூடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐந்து மணிக்குக் கால்கள் தானாக ஏறின.

மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கதவிடுக்கில் சாரல் அடித்தது. துணிக்கொடிக் கம்பம் ஆடுவது இரும்புச் சத்தமாகக் கேட்டது, ஆனால் பேச்சு தெளிவாக வந்தது. ஒருவர் பெங்களூருக்கே திரும்பிப் போகிறேன் என்றார். இன்னும் இரண்டு பேர் வானத்திலேயே வட்டம் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். காற்றின் வேகத்தைத் தரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள், சொல்லும் ஒவ்வொரு தடவையும் கூடியது. இந்தக் காற்றில் எந்த மடையன் வருவான் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பெண் குரல், கம்பெனிப் பட்டப்பெயரையும் நானூற்றுப் பதினெட்டையும் சொன்னது.

தாரிணி.

இந்தக் குரலுக்காகத்தானே எல்லாம். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஒரே ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி அவள் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் பேசுகிறாள் என்றால் ஓட்டுவது கேப்டன். கேப்டன் எடுத்துக்கொண்டார் என்றால், மேலே நிலைமை அப்படி.

எண்களைத் திருப்பிச் சொன்னாள். உயரம், திசை, காற்று, ஒன்றுகூட விடவில்லை. அவசரமும் இல்லை. பேசுவது என் மகள்தானா என்று இருந்தது. விமானம் தலைக்கு மேல் வந்தது. மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை, இரைச்சல் மட்டும், அதுவும் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது. இறங்கிவிடுவார்கள் என்று கையைக் கூப்பிக்கொண்டேன்.

"கோயிங் அரவுண்ட்" என்றாள்.

இறங்கவில்லை, திரும்ப மேலே ஏறுகிறோம் என்று அர்த்தம். இத்தனை நாள் கேட்டதில் இதை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னவர் குரல் உடைந்தது. இவள் குரல் உடையவில்லை. தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னார்கள், அப்படியே திருப்பிச் சொன்னாள். எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை, இவர் என் பின்னால் நனைந்துகொண்டு நின்றார். பாப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார். லைசென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மேற்கே போய்ச் சுற்றிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. நடுவில் மற்றவர்கள் பேசினார்கள். யார் பேசினாலும் எனக்குக் கோபம் வந்தது, அவர்கள் பேசுகிற நேரத்தில் அவள் ஏதாவது சொல்லி எங்களுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று. மறுபடியும் தலைக்கு மேல் இரைச்சல். இந்தத் தடவை அது கொஞ்சம் சீராக இருந்தது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லடி, ஒரு வார்த்தை என்று பெட்டியிடம் சொன்னேன்.

ஓடுபாதையை விட்டு விலகிவிட்டோம் என்றாள். நன்றி என்றாள். தரையில் இருந்தவரும் நன்றி சொன்னார், இந்த மழையிலும் அவர் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை.

இன்றைய திரும்பும் ஓட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஏழரை மணிக்கு வாசலில் கார் நின்றது. யூனிஃபார்மோடு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நடந்து வந்தாள். அப்பாவிடம் டவல் வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"குரல் நடுங்குச்சா?"

"இல்லை" என்றேன். உண்மைதான். எங்கள் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்கள்.

தட்டு வைத்தேன். சோறும் மோர்க்குழம்பும்தான் இருந்தன. சாப்பிட உட்கார்ந்தவள், ஆகஸ்டில் பரீட்சையில் தேறாதபோது என்னிடம் சொல்ல எத்தனையோ தடவை போனை எடுத்ததாகவும், நான் ஹலோ சொன்னதுமே அழுதுவிடுவோம் என்று பயந்து வைத்துவிட்டதாகவும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடியும் பறக்க விட்ட பிறகு, வாயால் சொல்வதைவிட வீட்டு மேலேயே வந்து இறக்கிக் காட்டலாம் என்று நினைத்தாளாம். கீழே நான் காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். சோற்றைப் பிசையப் போன விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. பருக்கைகள் தட்டுக்கு வெளியே விழுந்தன. அவளும் பார்த்தாள், கையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டாள். சாயங்காலம் முழுக்க அந்தக் குரலைக் கேட்டேன், குரலில் எனக்குத் தப்பு வராது என்று இருந்தவள் நான், இந்தக் கை எனக்குக் கேட்கவே இல்லை.

தட்டை என் பக்கம் இழுத்து, பிசைந்து, ஒரு உருண்டை எடுத்து நீட்டினேன். இருபத்தேழு வயது, தோளில் பட்டைகள் வைத்த யூனிஃபார்ம். ஏதாவது சொல்லித் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தாள்.